தீப்படாத கை

மாசி 9, திங்கள்

விடியப் பனி. வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தேமுக்கால் பஸ், மாங்குளத்தில் மாறி வவுனியா. கிளினிக் நாள்.

நம்பர் 31. பத்தரைக்குக் கூப்பிட்டார்கள்.

– தலைக்குத் தார் ஷாம்பு, கிழமைக்கு இரண்டு
– முழங்கை, முன்னங்கை, முழங்கால், முதுகு: பழைய பூச்சு மருந்து, படுக்கமுன்
– வெள்ளைக் கிறீம், குளித்தவுடன், ஈரம் காயமுதல்
– விழுங்கும் குளிசை இப்போதைக்கு இல்லை. இரத்தப் பரிசோதனை வந்த பிறகு.

புது டொக்டர். சின்னப் பிள்ளை, மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். எழுதிக்கொண்டே கேட்டார்: "இதைப் பற்றி ஆரோடையாவது மனம்விட்டுக் கதைக்கிறனீங்களோ அம்மா?" ஓம் என்றேன். "அதையும் விடாதேங்கோ. யோசனை கூடினால் இதுவும் கூடும்."

திரும்பும் பஸ்ஸில் மனதுக்குள் எண்ணிப் பார்த்தது. இந்தப் பதினொரு வருடத்தில் என் தோல் வருத்தம் தெரிந்தவர்கள்:

1. இவர். மாதத்துக்கு ஒரு தரம், "மருந்து முடிஞ்சுதோ?" கை எட்டாத இடத்தில், முதுகில், பூசிவிடுவார். பேசாமல், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடும் கவனத்தோடு. குறை சொல்ல முடியாது.
2. மகள். மட்டக்களப்பில், கம்பஸ் இரண்டாம் வருடம். அவளுக்குப் பாதிதான் சொன்னது. தனக்கும் வருமோ என்று கேட்டுவிடுவாள் என்ற பயம்.
3. தையல்காரப் பெண். காரணம் கேட்காமல் முழுக்கை வெட்டுகிறாள்.

மனம்விட்டு என்றால் ஒருவரும் இல்லை. வேலை செய்யும் கந்தோரில் ஜெசி இருக்கிறாள். ஆனால் அவளோடு கதைப்பது வேறு ஒருத்தியின் வருத்தத்தை.

புளியங்குளத்தில் சனம் ஏறியது. கைக்குழந்தையோடு ஒரு பெண், எழும்பி இடம் கொடுத்தேன். மேல் கம்பியைப் பிடிக்க, சட்டைக் கை வழுகி முழங்கைக்குப் போய்விட்டது. பின்னால் இரண்டு அம்மாக்கள்.

"கையைப் பாரன். செல் வெடிச்சுப் பட்டது போலை."

"இல்லையடி, நெருப்பு. பாவம், என்ன பாடுபட்டுதோ பிள்ளை."

அதில் ஒருத்தி எழும்பித் தன் இடத்தைத் தந்தா. மாட்டேன் என்று சொல்லவில்லை. இருந்தேன். நன்றியும் சொன்னேன்.

இந்தப் பக்கத்தில் ஒரு பொம்பிளையின் கையில் தழும்பு இருந்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. ஒரு காரணம்தான்.

மாசி 10, செவ்வாய்

வீட்டுத்திட்டக் கோப்பு 14 பார்த்து முடித்தது. மின்விசிறி திருத்த இன்றும் ஆள் வரவில்லை.

டொக்டரின் கேள்வி போகவில்லை. எப்படித் தொடங்கியது என்று ஒருமுறை நேராக எழுதிவைக்க வேண்டும்.

ஜெசிந்தா எங்கள் பிரதேச செயலகத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. முப்பத்தெட்டு. இடது கழுத்திலிருந்து முழங்கை வரை எரிகாயம், கடைசிச் சண்டையில். மறைப்பதில்லை. அரைக் கை பிளவுஸ்தான்.

வந்த இரண்டாம் கிழமை, கோப்பு அறை. மேல் தட்டில் இருந்து பெட்டி இறக்கும்போது என் கையைப் பார்த்துவிட்டாள். அந்த நேரம் மருந்தில் செதில் அடங்கி, வழவழவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, "அக்காக்கும் எரிஞ்சதோ?"

"ம்ம்."

ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஓம்தான்.

"எங்கை வைச்சு?" நான் பேசவில்லை. "சரி விடுங்கோ. எனக்கும் அந்த இடத்தின்ரை பேர் வாயிலை வராது."

அந்தச் சண்டை நாட்களில் நான் அதற்கு வெளியே, வவுனியா டவுனில், வாடகை வீட்டில். மகளுக்கு நாலு வயது. முன்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் பத்து மணித் தேத்தண்ணி அவளோடு, கோப்பு அறையில். கதைப்பது: வேர்வை பட்டால் எரிவது. கல்யாண வீட்டில் படம் எடுக்க வந்தால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது. கண்ணாடி. நைலோன் துணி. தோல் கடித்து அரித்தால் சொறியாமல் ஈரத்துணியால் ஒத்துவது (அவள் சொல்லித்தந்தது, எனக்கும் சுகம் தருகிறது). அவளுடைய அம்மா, அந்த நெருப்பில் போனவ.

"ஆரும் உத்துப் பாத்தால் நான் திருப்பி அவையின்ரை மூக்கைப் பாப்பன் அக்கா. மூக்கிலை ஏதோ இருக்காக்கும் எண்டு துடைச்சுப்போட்டுப் போயிடுவினம்."

புரையேறும் வரை சிரித்தேன். என் தோலை வைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாசி 11, புதன்

நல்ல வெயில். முழங்காலில் புதிதாக ஒன்று, ஐந்து ரூபாய்க் குற்றியளவு.

ஜெசி இறால் பொரியல் கொண்டுவந்தாள், தம்பி களப்பில் பிடித்தது. எனக்கு இறால், நண்டு, கத்தரிக்காய், அன்னாசி எல்லாம் கரப்பன் சாமான் என்று விலக்கு. டொக்டர் விலக்கவில்லை. ஊரில் ஆட்கள் சொல்லக் கேட்டு நானே விலக்கியது. தின்றால் என்ன ஆகும் என்று இத்தனை வருடத்தில் தின்று பார்க்கவுமில்லை.

"இண்டைக்கு விரதம்" என்றேன்.

"புதன்கிழமை என்ன விரதம்?"

"நேர்த்தி."

"ஆருக்கு?"

"பிள்ளையாருக்கு."

"போன புதன் உங்களை முட்டை சாப்பிட விட்டவர் எந்தப் பிள்ளையார்?"

பக்கத்து மேசை ரஞ்சினி சோற்றோடு சிரித்தா. நானும் சிரித்து, இரண்டு இறால் சாப்பிட்டேன். ருசி.

விரதப் பொய்யை ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டாள். மற்றதை அவள் சந்தேகப்படவே இல்லை. அதில் ஒருவர் பொய் சொல்லுவார் என்று அவளுக்குத் தோன்றாது.

மாசி 13, வெள்ளி

இறால் சாப்பிட்டு இரண்டு நாள். ஒன்றும் கூடவில்லை.

பி.ப. 3. ஜெசி ஒரு தாளைக் கவிழ்த்துப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

எரிகாயத் தழும்பு இறுகிக் கை, கழுத்து மடக்க முடியாதவர்களுக்குச் சத்திரசிகிச்சை முகாம். வெளியில் இருந்து டொக்டர்மார் வருகிறார்களாம். எங்கள் பிரிவுக்குப் பத்துப் பேர். பட்டியல் ஜெசி பொறுப்பு.

"ஒன்பதாவதைப் பாருங்கோ."

என் பெயர். முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம். காயத்தின் வகை: எரிகாயம், வலது முன்னங்கை.

"கேட்டால் வேண்டாமெண்டு சொல்லுவீங்கள். அதுதான் கேக்காமல் போட்டனான். பத்தாவது நான். தனியவெண்டால் போகமாட்டன் அக்கா. ரெண்டுபேருமாப் போவம்."

"எத்தினை பேர் விண்ணப்பிச்சவை?"

"பதினேழு. மிச்சப் பேருக்கு அடுத்த முறை வந்தால் பாப்பம்." பிறகு, போகத் திரும்பியவள் நின்று சொன்னாள்: "உங்களுக்கும் இருக்கெண்டு தெரிஞ்ச பிறகுதான் இந்தக் கந்தோரிலை எனக்கு மூச்சு வந்தது."

திங்கள் மூன்று மணிக்குப் பட்டியல் மாவட்டத்துக்குப் போகும்.

 பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினேன். பஸ் நாலரைக்கு.

மாசி 14, சனி

வயல் வெட்டு. மெசின் ஒன்பதுக்கு வந்தது. சாக்குப் போதாமல் இவர் இரண்டு தரம் கடைக்கு ஓடினார்.

அறுவடைக் காலம் எனக்கு வசதி. சுணை பட்டு ஊரே சொறியும். நானும் பகிரங்கமாகச் சொறியலாம்.

பதினொரு மணிக்கு வரம்பில் தேத்தண்ணி கொடுக்கும்போது இவருக்குச் சொன்னேன். முகாம், பட்டியல், "ம்ம்", எல்லாம். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் இந்த வருத்தத்தைப் பற்றி இவரோடு இவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

"சொல்லிப்போடும்" என்றார்.

"சொன்னால் அவள் என்னோடை கதைக்கமாட்டாள். எனக்குக் கதைக்க இருக்கிறது அவள் ஒருத்திதான்."

ஒரு பிடி நெல்லை எடுத்துப் பதரை ஊதினார். திரும்பவும் ஊதினார்.

"உமக்குக் கதைக்க ஆள் வேணுமெண்டு எனக்குத் தெரியேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

"நீர் சொல்லேல்லை."

மெசின்காரன் கூப்பிட்டான். போய்விட்டார்.

மாசி 15, ஞாயிறு

சிவராத்திரி. இது உண்மையான விரதம்.

எப்படிச் சொல்வது:

– ஜெசி, நீர் பிழையா விளங்கியிட்டீர். (இல்லை. அவள் கேட்டாள். நான் விட்டுவிட்டேன்.)
– எனக்கு ஒப்பரேசன் பயம், பேரை எடும். (இன்னொரு பொய். ஆனால் வேலை செய்யும். ஒன்றும் கெடாது. திங்களும் செவ்வாயும் தேத்தண்ணி இருக்கும்.)
– எனக்கு அது வேண்டாம், வேற ஆருக்காவது குடும். (நல்லவள் என்று வேறு நினைப்பாள்.)

இரண்டாவதைக் கனநேரம் யோசித்தேன். இங்கே எழுதும்போது மறைக்கத் தேவையில்லை. காலை முழுக்க அதையே சொல்லிப் பழகினேன்.

மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு." நெல்லுத் தூசி என்றேன்.

மாசி 16, திங்கள்

சொல்லியாயிற்று.

பத்து மணி, கோப்பு அறை. ஜெசி பிஸ்கற் பைக்கற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழகிய வசனம் வாய் வரை வந்தது. வந்தது வேறு.

"என்ரை பேரை எடும் ஜெசி. என்ரை கை எரியேல்லை."

"என்ன?"

"அது தோல் வருத்தம். கிளினிக் போறனான். பதினொரு வருசம்."

கையைப் பார்த்தாள். பிறகு என்னை. "அப்ப அந்த நேரம் நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"வவுனியாவிலை."

"வவுனியாவிலை." பைக்கற்றை மடித்து வைத்தாள். "அம்மான்ரை கதையை நான் தம்பிக்குக்கூட முழுசாச் சொன்னதில்லை. அவன் சின்னன், தாங்கமாட்டான். உங்களுக்குச் சொன்னது, நீங்கள் அதுக்குள்ளை நிண்ட ஆள் எண்டு நினைச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் ஒண்டும் சொல்லேல்லையே, பேசாமல்தானே இருந்தனான்" என்றும் சொல்லிவிட்டேன்.

"ஓம். நல்லாத்தான் பேசாமல் இருந்தனீங்கள்."

தன் மேசைக்குப் போய், அடிமட்டம் வைத்து ஒன்பதாவது பெயரை வெட்டினாள். வெட்டிய பட்டியல் அனுப்பக்கூடாது என்று தாளையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். என் இடத்தில் ஒரு தாய், இரண்டு விரல் ஒட்டிப்போனவ. மூன்று மணிக்குப் போனது.

மாசி 17, செவ்வாய்

பருவம் தப்பிய மழை. நெல் முற்றத்தில். இவரும் நானும் ஓடி ஓடிப் படங்கு மூடியது.

தேத்தண்ணி தனிய. ஜெசி ஒன்பதே முக்காலுக்கே குடித்துவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி.

முழங்கை வெடித்துச் சட்டையில் இரத்தம். ரஞ்சினி "என்ன, நுளம்பு கடிச்சதோ?" என்றா. ஓம் என்றேன்.

மாசி 18, புதன்

படுக்கை விரிப்பு தோய்த்தது. தார் ஷாம்பு. வீடு முழுக்க ரோட்டுப் போட்ட மணம்.

முதுகுக்குப் பூசும்போது இவர் கை நின்றது. "நோகுதோ?"

"நோகேல்லை. கடிக்குது."

"எங்கை கூட?"

காட்டினேன். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வைத்தார். "இது போன மாசத்தைவிடப் பெரிசு" என்றார். இவர் அளவு பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கந்தோரில் ஜெசி: "வணக்கம் அக்கா." எல்லாருக்கும் சொல்வது போல.

பூச்சு மருந்து பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அடுத்த கிளினிக் வரை காணாது.

மாசி 19, வியாழன்

மழை விட்டது. மின்விசிறி திருத்த ஆள் வந்தான், ஏணி கொண்டுவரவில்லை, போய்விட்டான்.

பத்து மணி. கோப்பு அறையில் தனியத்தான் இருந்தேன். ஜெசி தேத்தண்ணியோடு வந்து எதிரில் இருந்த பெட்டியில் இருந்தாள். முகம் பார்க்கவில்லை.

"அது தொத்துமோ?"

பதினொரு வருடத்தில் இதை என்னிடம் நேரே கேட்ட முதல் ஆள். கண்டுவிட்ட இரண்டொருவர் தங்கள் கதிரையைத் தள்ளிப்போட்டு இருந்திருக்கிறார்கள். கேட்டதில்லை.

"தொத்தாது."

"பேர் என்ன?"

"சொரியாசிஸ்."

"சொறி?"

"சொறி இல்லை. சொ-ரி-யா-சிஸ்."

"பேரிலையே சொறியை வைச்சுக்கொண்டு சொறியில்லை எண்டால் ஆர் நம்புறது." சிரிக்கவில்லை. சொன்னது மட்டும். நானும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வெளியில் யாரோ ரஞ்சினியிடம் பிறப்புச் சான்றிதழுக்குச் சண்டை. இரண்டுபேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

"எனக்குக் கோவம் இன்னும் போகேல்லை" என்றாள்.

"தெரியும்."

"போகுமோ எண்டும் தெரியாது."

"ம்..." என்று தொடங்கி, "விளங்குது" என்று திருத்தினேன்.

"இவ்வளவு நாளும் நான் சொன்னன், நீங்கள் கேட்டீங்கள். இனி நீங்கள் சொல்லுங்கோ. உங்கடையை. என்ரையிலை இருந்து ஒண்டும் எடுக்காமல்."

"இப்பவோ?"

"பின்னை எப்ப? கந்தோர் நாலேகால் வரைக்கும் கிடக்கு."

 யாருக்கும் முதலில் இருந்து சொன்னதில்லை. அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி காத்திருந்தாள்.

"முதலிலை தலையிலைதான் வந்தது" என்றேன். "பொடுகெண்டு நினைச்சன்."