சொல்லாமல் வாருங்கள், மேடம்ஜி

கல்பட்டறைக் குடியிருப்பு, தேவ்புரா,
ராஜஸ்தான்.
ஞாயிறு இரவு

மதிப்பிற்குரிய பிரிட்ஜெட் மேடம்ஜிக்கு,

உங்களுக்கும் உங்கள் தோட்டங்களுக்கும் நோரதியின் ராம் ராம். ஹோலிக்கு முன்னால் நீங்கள் தோட்டங்களுக்குக் கல் வாங்கும் எங்கள் பட்டறைக்கு வந்தபோது, நீலச் சீருடையும் இரட்டைச் சடையுமாகக் காண்டிராக்டர் கஜானந்த் சேட் தன் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த எட்டாம் வகுப்புப் பெண் நான்தான். அம்மா தூங்குகிறாள். போர்வைக்குள் போன் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இதைப் பள்ளியில் பிரேம்லதா டீச்சரிடம் கொடுப்பேன். அவர் போட்டோ எடுத்து, அன்று உங்களுக்கு மொழிபெயர்த்த ஷெஃபாலி தீதிக்கு அனுப்புவார். நாளை சாயங்காலம் நீங்கள் போன் செய்து என்னோடு பேசப் போவதாகச் சேட் சொல்லியிருக்கிறார். அதற்குள் இது உங்களிடம் வந்துவிட வேண்டும். ஏனென்றால், போனில் நான் உண்மை பேசப் போவதில்லை.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் பாதிச் செலவு கொடுத்த கொட்டகை எழும்பிவிட்டது. தகரக் கூரை, இரண்டு மண்பானைத் தண்ணீர், பெண்களுக்குத் தனியாகக் கக்கூஸ். அம்மா மூக்கில் துணி கட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்து கல் வெட்டுகிறாள். கூலி அவள் கையிலேயே வருகிறது. முதல் முறை வாங்கியபோது என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் முடிந்து, அன்று பூராவும் முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் தெருவில் இதையெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

நீங்கள் வந்த அந்த நாளை நாங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். எப்போதும் கல் வாங்குகிற கம்பெனி ஆட்கள் வருகிற நாள் பிள்ளைகளுக்குப் பண்டிகை. கல் வெட்ட வேண்டாம். எல்லாரையும் டிராக்டரில் ஏற்றி மாதாஜி கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். வயிறு நிறைய ஜிலேபி. என் தங்கை கம்லிக்கு ஆறு வயது. சாமி கும்பிடும்போதே, கம்பெனி சீக்கிரம் வரணும் என்றுதான் வேண்டிக்கொள்வாள். அன்றும், பள்ளிக்குப் போகிற பிள்ளை என்று காட்ட நிறுத்திய என்னைத் தவிர, எல்லாரும் அப்படித்தான் போனார்கள். பெண்களைத் தண்ணீர் சுமக்க வந்தவர்கள் என்று ஓரமாக நிறுத்திவிட்டு, குவாரியில் பாறை உடைக்கிற ஆண்களுக்குப் புதுக் கையுறை மாட்டி உட்கார வைத்தார் சேட். சதுரக் கல் வெட்டுவது எங்கள் ஊரில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் செய்கிற வேலை என்று உங்களுக்குத் தெரியாது என நினைத்துவிட்டார்.

ஒரே ஒரு கல் வெட்டிக் காட்டுங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். முதல் ஆள் ஓங்கி அடித்ததில் கல் நாலாகப் பிளந்தது. அடுத்தவர் வெட்டியது பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. முக்காட்டுக்குள்ளே பெண்கள் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குச் சித்தி முறையாகிற தன்னி காக்கியால் மட்டும் அடக்க முடியவில்லை.

"சேட்ஜி, சதுரம் வராட்டி போவுது. இவங்கள ரொட்டி தட்டச் சொல்லுங்க, வட்டமாவாவது வருதான்னு பாப்போம்."

ஷெஃபாலி தீதி தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்ததும் நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு சுத்தியலை வாங்கிக் காக்கியிடமே கொடுத்தீர்கள். காக்கி பேசிக்கொண்டே வரிசையாக வெட்டித் தள்ளினாள். சேட் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்காது. சட்டைப் பையிலிருந்து சைக்கிள் டியூபில் நறுக்கிய சின்ன ரப்பர் வளையம் ஒன்றை எடுத்தீர்கள். உங்கள் ஊருக்கு வந்த கல்பெட்டிக்குள் கிடந்ததாம். பெட்டியைக் கட்டுகிற ரப்பர் என்றார் சேட். நீங்கள் அதை மாட்டிப் பார்த்தீர்கள், சுண்டுவிரல் நகத்தைக்கூடத் தாண்டவில்லை. சுத்தியல் அடி படாமலிருக்க, கல் வெட்டும்போது பிள்ளைகள் நாங்கள் விரலில் மாட்டிக்கொள்வது அது. நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். நீங்கள் குனிந்து என் கையை எடுத்து உங்கள் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தீர்கள். வெள்ளைக்கார மேம்சாப் கை பஞ்சு மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு இருப்பது போலவே உங்களுக்கும் காய்ப்பு இருந்தது. நீங்களே மண் வெட்டி, முட்டி போட்டு இந்தக் கல்லையெல்லாம் தோட்டத்தில் பதிப்பீர்கள் என்று தீதி பிறகுதான் சொன்னார்.

உங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. வளையத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, சீருடை அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று ராத்திரி அது அடியாக என் முதுகில் விழுந்திருக்கும். அதைத் தெரிந்து பேசாமல் இருந்தவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போகும்போது எல்லார் முன்னாலும் சொன்னீர்கள்: கல் வாங்குவதை நிறுத்த மாட்டேன், ஆனால் வீட்டு வாசலில் வெட்டிய கல் வேண்டாம், பிள்ளைகள் தொட்ட கல் வேண்டாம், முன்பணத்தைக் காட்டி யாரையும் பிடித்து வைக்கக் கூடாது.

மேடம்ஜி, பகலில் கொட்டகை நடக்கிறது. பொழுது சாய்ந்ததும் டிராக்டர் வந்து எங்கள் வாசலில் கல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. பள்ளிவிட்டு வந்து நானும் கம்லியும் தெருப் பிள்ளைகளும் வெட்டுகிறோம். விடிவதற்குள் அதை அள்ளிக் கொட்டகைக் கல்லோடு கலந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வரும் பெட்டியில் எது அம்மா வெட்டியது, எது கம்லி வெட்டியது என்று எனக்கே தெரியாது. போன வாரம் கம்லி கட்டைவிரலை நசுக்கிக்கொண்டாள். அவள் விரலுக்கு வளையம் இன்னும் பெரிதாக இருக்கிறது, நழுவிவிடுகிறது.

நேற்று சேட் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை, டீ குடித்துக்கொண்டே அம்மாவிடம் பேசினார்.

"ஒம் பொண்ணு நல்லாப் பேசுது மாங்கி பாய். போன்லயும் நல்லாவே பேசட்டும். ஏடாகூடமா ஏதாவது சொன்னா, அதோட அப்பன் வாங்கின முன்பணத்துக்கு அதுதான் கல்லு வெட்டணும். பள்ளிக்கூடமெல்லாம் அப்புறம் எதுக்கு? கம்பெனி போச்சுன்னா ஒங்க அடுப்புல கல்லத்தான் வேகவெக்கணும், பாத்துக்க."

அப்பா நெஞ்சில் கல்தூசி அடைத்துப் படுத்தபோது மருந்துக்கு வாங்கிய பணம் அது. அப்பா போய்விட்டார். அந்தக் கடன் போகவில்லை. சேட் போனதும் அம்மா என்னை முன்னால் உட்கார வைத்தாள். என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள், அவ்வளவுதான்.

அதனால் நாளை சேட் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்வேன். சிரித்துக்கொண்டேகூடச் சொல்வேன். அதை நம்பாதீர்கள். ஆனால் கோபத்தில் போனிலேயே அவரிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். அன்று வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு நின்றீர்களே, அப்படியே இருங்கள். கல் வாங்குவதையும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் கொட்டகைத் தகரத்தைப் பிரித்து விற்றுவிடுவார்கள், வாசலில் கொட்டுகிற கல் மட்டும் மிஞ்சும். அம்மா முந்தானையில் முடிச்சு இருக்காது.

ஒரு நாள் வாருங்கள். பொழுது சாயும் நேரம், டிராக்டர் சத்தம் கேட்கிற நேரம். யாரிடமும் சொல்லாமல் வாருங்கள். சொல்லிவிட்டு வந்தால் எங்களைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லாமல் வந்தால் கம்லிக்கு ஜிலேபி கிடைக்காது, அழுவாள். பரவாயில்லை. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முட்டி போட்டுக் கல் பதிக்கிற உங்கள் கால்களுக்கு வலி வராமல் மாதாஜி காக்கட்டும்.

உங்கள் கையைத் தொட்ட,
நோரதி