சாம்பிராணிதான் என்று நினைத்தேன்

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. உன் செவிலிமேட்டு வீட்டுக் கூடத்தில் என் மனைவி சாம்பிராணி போட்டாள். புகை மேலே போனதும் அலாரம் வீறிட்டது. "ஃபோன்லயே ஆஃப் பண்ணுங்களேன்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கைபேசியைச் சுவரில் அடித்திருப்பேன்.

உன்மேலும்தான் கோபம். அத்தான் போனபிறகு நீ தனியாக இருக்கிறாயே என்றுதான், ஓரகடத்தில் வேலை செய்துகொண்டே பார்த்துக்கொள்ள, என் கைபேசியோடு இணைத்து இந்தப் புகை அலாரத்தை மாட்டினேன். கேமராவும் வைக்கலாம் என்றதற்கு, "நான் தலவிரிச்சுக்கினு இருப்பேன், அத நீ ஆபீஸ்ல உக்காந்து பாப்பியா?" என்று துரத்தினாய். ஒரு கேமரா இருந்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

மாட்ட வந்தவர் அப்போதே சொன்னார். "சாமி அலமாரி பக்கத்துல வேணாம் சார், வாராவாரம் கத்தும்." அடுத்த ஞாயிறு மாற்றிவிடலாம் என்றேன். எத்தனையோ ஞாயிறு வந்து போயிற்று. சோம்பேறி நான்.

உன் வாசல் விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஆபீசிலிருந்தே கைபேசியில் போட்டேன், நிறுத்தினேன். அதில் ஒரு பெருமை வேறு. வெள்ளி மாலை அலாரம் அடிக்கும், நான் கைபேசியில் அதன் வாயை அடைப்பேன், உடனே நீ கூப்பிடுவாய். "நிறுத்திட்டியாபா? சாமியே பயந்துக்கினு இருந்துச்சு" என்று சிரிப்பாய்.

அன்றும் அடித்தது. மீட்டிங்கில் இருந்தேன். சாம்பிராணிதான் என்று மேசைக்கடியிலேயே நிறுத்தினேன். நீ கூப்பிடவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை அக்கா.

அடுப்பில் பால் தீய்ந்து புகை கூடம்வரை வந்திருக்கிறது. நீ நெஞ்சைப் பிடித்தபடி சமையலறை வாசலில் கிடந்திருக்கிறாய். எதிர்வீட்டம்மா தீய்ந்த வாடை தாங்காமல் வந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

"சத்தம் கேட்டுச்சுபா. வரலாம்னு செருப்பு மாட்டினேன். உடனே நின்னுபோச்சு. சரி, தம்பி பாத்துக்கினாருன்னு உள்ள போயிட்டேன்" என்று எதிர்வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வர இருந்தவரையும் நான்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் விதி என்கிறார்கள். விதியாம்! பொத்தானை அழுத்தியது என் விரல்.

நீ போனபிறகு நாங்கள் இங்கேயே குடிவந்துவிட்டோம். இன்று அலாரம் அடித்தபோது அதை நிறுத்தவில்லை. கூடம், சமையலறை, குளியலறை, பின்கட்டு என்று ஒவ்வொன்றாக நடந்து போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டம்மா ஓடி வந்து வாசலில் நின்றார். "சாம்பிராணிதாம்மா" என்றேன். அவரும் உள்ளே வந்து ஒருமுறை சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கருவியை இடம் மாற்றமாட்டேன். வாராவாரம் கத்தட்டும், தெருவே என்னைத் திட்டட்டும். கைபேசியில் அதை நிறுத்தும் வசதியை எடுத்துவிட்டேன். இனி நிறுத்த வேண்டுமென்றால், நீ கிடந்த இடத்தைத் தாண்டி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நிறுத்த வேண்டும்.