திருத்தத்துடன் ஆதரவு

ஜூன் 3

நகராட்சி மன்றம் இன்று கூடி, நெடுநேரம் விவாதித்து, ஒரு மணி வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பித்தளையா, மின்சாரமா என்பதில் உறுப்பினர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள், பித்தளை வென்றது. பக்கத்து ஊர்கள் இரண்டோடு எங்கள் நகராட்சியை இணைக்கும் அரசுத் திட்டம் குறித்துப் பொதுமக்கள் கருத்துச் சொல்லப் போகிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் முடிந்ததும் அடிக்கத்தான் மணி. அடிக்கும் பொறுப்பு எனக்கு. இருபது வருடம் எழுத்தராக இருந்தவனுக்கு இதுவே முதல் பதவி உயர்வு.

ஜூன் 9

மணி அடிக்க அலவன்ஸ் உண்டா என்றாள் மனைவி. இல்லை.

ஜூன் 19

கூட்டம். மக்களைவிட நாற்காலிகள் அதிகம். முதல் வரிசையில் பெயர்ப்பலகை எழுதுபவர் — கருத்துச் சொல்ல அல்ல, புது நகராட்சியின் பலகைக்கு எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்க.

அக்கா எழுந்தாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவள் கணவர், என் மாமாவின் மருந்து, அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் பாடு என்று சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க தெரு பள்ளம். மழை வந்தா கால்வாய்த் தண்ணி உள்ளதான் வரும். தண்ணி இறைக்கிற நகராட்சி மோட்டார்காரர் அடுத்த சந்துலயே இருக்காரு. தூறல் போட்டதுமே, யாரும் சொல்லாம வந்து மோட்டாரைப் போட்டுடுவாரு. அவரையும் நீங்க தூக்கிட்டுப் போயிட்டா —"

இரண்டு நிமிடம். அடித்தேன்.

"நீயாடா அடிக்கிறே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 20

கருத்துகளைப் பதியும் படிவத்தில் மூன்றே கட்டங்கள்: ஆதரவு, மிகுந்த ஆதரவு, திருத்தத்துடன் ஆதரவு. அக்காவை எதில் போடுவது என்று, கருத்துக் கேட்க அரசு அனுப்பியிருந்த அதிகாரியைக் கேட்டேன்.

"அழுதாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப திருத்தத்துடன் ஆதரவு."

ஆகஸ்ட் 2

ஆதரவுக்கு நன்றி தெரிவித்து அரசிடமிருந்து அக்காவுக்குக் கடிதம்.

"நான் எப்படா ஆதரிச்சேன்?"

"திருத்தத்தோடக்கா."

"என்னத்தத் திருத்துனாங்க?"

நல்ல கேள்வி. இரண்டு நிமிடத்துக்குள் கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 1

இணைப்பு இனிதே நடந்தேறியது. மோட்டார்காரர் தலைமையகத்தின் ஒருங்கிணைந்த நீரகற்றல் பிரிவில் இருக்கிறார். இனி புகார் எண்ணுக்குப் போன் செய்தால் வண்டி வரும். வார்டுகளுக்கும் புது எண்கள். பதினொன்றாக இருந்த அக்கா தெரு இனி இருபத்தாறு. பதினொன்று, குன்றின்மேல் இருக்கும் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. பட்டியலைத் தயாரித்தவன் நான். ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார்கள்.

நவம்பர் 14

எழுத ஓடவில்லை. மத்தியானத்திலிருந்து அடைமழை. அக்கா போன் பண்ணினாள், வாசப்படி ஏறிடுச்சுடா, யாரையாவது வரச்சொல்லு. உடனே புகார் எண்ணுக்குப் பண்ணினேன். உடனேதானே பண்ணினேன்? தெருப் பேரைச் சொன்னேன். "தெருவெல்லாம் வேணாம் சார், வார்டு சொல்லுங்க." பதினொண்ணுன்னேன். இருபது வருஷமா சொல்லிச் சொல்லி — வாய் அதைத்தான் சொல்லுச்சு. நானே போட்ட பட்டியல்.

வண்டி குன்றின்மேல் ஏறி, அங்கே தண்ணீர் தேங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு திரும்பியிருக்கிறது. என் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நானும் நம்பினேன். டீ குடித்தேன்.

அக்கா மறுபடி கூப்பிட்டபின் ஓடினேன். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அக்கம்பக்கத்தார் மாமாவை மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். தொப்பலாக நனைந்து, பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 17

ஆஸ்பத்திரி. நிமோனியா என்கிறார்கள். வார்டு எண்ணைத் தப்பாகச் சொன்னதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் மாமாவின் காலைப் போர்த்திவிட்டாள்.

நவம்பர் 23

மாமா போய்விட்டார்.

டிசம்பர் 2

அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். முன்னறையை ஒழித்துக் கொடுத்தோம். என் மனைவியோடுதான் பேசுகிறாள்.