நேராக்கப்பட்ட இரண்டு கம்பிகள்

சோம்போர்,
ஜனவரி 12

அன்புள்ள மகள் விஷ்னியாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம், அங்கே கோதன்பர்க்கில் நீயும் குறையின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல், உன் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இருமல் செய்தி எனக்கு எப்படி எட்டியது என்று நீ வியக்கக்கூடும். சென்ற வியாழக்கிழமை உன் ஞானத்தகப்பன் மிலுட்டின் அபாட்டினிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். "டேய் ரடா, புள்ளைக்குப் பத்து நாளா இருமலாம், அங்க டாக்டரைப் பாக்கணும்னா ரெண்டு வாரம் காத்திருக்கணுமாம், நீ ஒண்ணும் கவலைப்படாத, லிண்டன் பூ டீ போட்டுக் குடிக்கச் சொல்லியிருக்கேன்" என்றான். என் மகளின் நெஞ்சில் சளி கட்டியிருப்பதை இருபது கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் ஒருவன் எனக்கு அறிவிக்கிறான், கவலைப்படாதே என்றும் அவனே சொல்கிறான். நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தேன். நன்றி என்றுதான் சொன்னேன், உன் அம்மா சாட்சி.

குலப்புனிதர் திருநாள் முடிந்து இன்றோடு இருபத்து நான்கு நாள். இடையில் கிறிஸ்துமஸ் வந்தது. காலையில் முதலில் ஒலிக்கும் தொலைபேசி உன்னுடையதாக இருக்கும் என்று நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அழைத்தது பல் மருத்துவமனையிலிருந்து, உன் அம்மாவின் முறையை ஒத்திவைப்பதற்காக. நான் அழைத்தால் நீ எடுப்பதில்லை. எனவே தாளில் எழுதுகிறேன், தாளை நடுவழியில் துண்டிக்க முடியாது என்பது ஒரு வசதி. அம்மாவின் முழங்கால் பனிக்காலத்துக்கு உரிய அளவு வலிக்கிறது. கால்வாயில் பனிக்கட்டி இன்னும் கட்டவில்லை, எங்கள் அலுவலகத்தில் நீரேற்று இயந்திரம் ஒன்று பழுதாகி நான்கு நாளாக என் மேசை முழுக்க வரைபடம். பக்கத்து வீட்டு பேரா மறுபடி ஒரு பன்றி வளர்க்கப்போவதாக மிரட்டுகிறார். இவையெல்லாம் செய்தி. இனி எழுதப்போவது செய்தி அல்ல, நடந்தவற்றின் வரிசை. எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து.

சென்ற ஈஸ்டருக்கு வந்திருந்தபோது நிலவறையில் கிடந்த என் பழைய கணினியை நினைவுப்பொருளாக எடுத்துப்போகட்டுமா என்று கேட்டாய். பதினைந்து ஆண்டுகளாக உயிரற்றுக் கிடந்த பெட்டி அது, என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுதுபார்ப்பேன் என்று நானும் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன், அதையும் மறுக்கவில்லை. நீ கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. உன் சிறுவயதுப் போர்வையில் நானே சுற்றி, நானே கயிறு கட்டி உன் கையில் கொடுத்தேன். அது ஸ்வீடனுக்குப் போகவில்லை, அபாட்டினுக்குப் போயிற்று. ஜூலையில் மூன்று வாரம் புத்வா கடற்கரைக்குத் தோழிகளோடு போவதாகச் சொன்னாய், நீயும் போகவில்லை, நீயும் அபாட்டினுக்கே போனாய். திரும்பும்போது இரண்டு நாள் நம் வீட்டில் தங்கினாய், தோள் கறுத்திருந்தது. கடல் வெயிலுக்குத்தான் இந்த நிறம் வரும் என்று நான் பாராட்டினேன். அபாட்டினின் டான்யூப் ஆற்றங்கரை வெயிலைக் கடல் வெயில் என்று நம்பிப் பாராட்டிய தகப்பனைப் பார்த்து நீ புன்னகை செய்தாய். அந்தப் புன்னகையை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

திருநாளன்று நடந்ததில் ஒரு பாதியை நீ தொலைபேசித் திரையில் பார்த்தாய், உன் அம்மா உன்னைக் கோதுமை இனிப்புத் தட்டின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். மறு பாதியை நான் சொல்கிறேன். மெழுகுவர்த்தி ஏற்றி ரொட்டியை வெட்டியாகிவிட்டது, மீன் குழம்பு வந்தாகிவிட்டது, முப்பது பேர் உட்கார்ந்திருக்க, வீட்டுத்தலைவன் உட்காரக்கூடாது என்பதால் நான் ரக்கியா மதுக்குப்பியோடு நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது மிலுட்டின் அந்தப் போர்வையோடு உள்ளே வருகிறான். என் போர்வை முடிச்சை அவன் விரல்கள் அவிழ்க்கின்றன. பச்சைச் சாயம் பூசிய என் ஒட்டுப்பலகைப் பெட்டி, கதவுக்கு வாங்கிய சாயத்தின் மிச்சம், அதை மட்டும் நீங்கள் மாற்றவில்லை. தொலைக்காட்சியோடு இணைத்தான், பொத்தானை அழுத்தினான், திரையில் எழுத்து வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் ஒவ்வொன்றாக அறிவித்தான். வீங்கிய கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றியாயிற்று, ஆறு கிலோபைட் நினைவகம் முப்பத்தெட்டு ஆயிற்று, ஒலிக்குத் தனிச் சிப், கேசட்டுக்குப் பதில் மெமரி கார்டு. "எண்பத்து நாலுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினது இது" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தில் நிற்கிறேன். வீட்டிலேயே கணினி கட்டும் வரைபடம் பத்திரிகையில் வந்தது, அதை வரவழைத்தவன் நான். மின்சுற்றுத் தகட்டில் துளையிட்டவன் நான், ஈயம் உருக்கிப் பற்றவைத்தவன் நான், எனக்கு அப்போது பதினாறு வயது. மிலுட்டினின் சித்தி ஆஸ்திரியாவின் கிராட்ஸிலிருந்து சாக்லேட் பெட்டிக்குள் ஒளித்து முதன்மைச் சிப்பை எல்லை கடத்திக் கொண்டுவந்தாள், அதை ஒப்புக்கொள்கிறேன். அவன் டார்ச் பிடித்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவுதான். பிறகு அவன் அந்தத் தும்மல் கதையை எடுத்தான். வானொலியில் கணினி நிரல்களை இரைச்சலாக ஒலிபரப்பிய காலத்தில், வானொலிப் பெட்டிக்கு எதிரே ஒலிவாங்கியை வைத்து வீடே மூச்சடக்கி கேசட்டில் பதிவு செய்வோம், பாதியில் ஒருவன் தும்மினான், நிரல் ஏறவில்லை, மறுபடி ஒரு வாரம் காத்திருந்தோம். தும்மியவன் அவன். முப்பது பேர் முன்னிலையில், தும்மியது ரடாதான் என்றான், பேரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தக் கேசட் என்னிடம் இருக்கிறது, தும்மலும் அதில் இருக்கிறது, அது அவன் மூக்கு என்பதை நாற்பது ஆண்டு கழித்தும் நிரூபிக்க முடியும்.

"உக்காருடா ரடா, ஏதாவது அடி, இது உன் குழந்தை மாதிரியாச்சே" என்று என் தோளைப் பிடித்து அமர்த்தினான். என் திருநாளில், மெழுகுவர்த்தி எரியும்போது, நான் உட்கார்ந்தேன். "வீட்டுக்காரனே உக்காந்துட்டான், இனி எங்களுக்கு யாருப்பா ஊத்துவா?" என்று பேரா கத்தினார். கண்ணாடி அணியவில்லை, விரல்கள் தாமாகவே போயின, உன் பெயரை அடித்தேன். திரையில் இரண்டு எழுத்து இடம் மாறி நின்றது. மறுபடி அடித்தேன், மறுபடி அப்படியே. பெற்ற மகளின் பெயரை முப்பது பேர் முன்னால் இருமுறை பிழையாக எழுதினேன். உனக்குத் தெரியும், அந்தக் கணினியில் இரண்டு விசைக் கம்பிகளை நான் பதினாறாவது வயதில் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன், பிரித்துத் திருத்த மனமில்லாமல் விசைகளின் மேல்மூடிகளை இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். உலகத்தில் அந்த ஒரு கணினியில்தான் அப்படி. இப்போது கம்பிகளும் மூடிகளும் உரிய இடத்துக்கு வந்துவிட்டன, என் விரல்கள் மட்டும் பழைய இடத்துக்கே போயின. நீ ஐந்து வயதில் உன் பெயரை முதன்முதலில் அடித்ததும் அந்த விசைகளில்தான், என் மடியில் உட்கார்ந்து. மிலுட்டின் மேசையைத் தட்டி, ஞான உறவு சொல்லி அழைத்து, "நாப்பது வருஷமாத் தப்பா வச்சிருந்தியே கூமே, இப்பத்தான் நேராச்சு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தொலைபேசித் திரையில் நீயும் சிரித்தாய்.

அதன் பிறகுதான் நான் திருகாணி முடுக்கியைக் கொண்டுவரச் சொன்னேன். பெட்டியைத் திருப்பி ஒன்பது திருகுகளையும் கழற்றித் தகட்டை விளக்கடியில் காட்டினேன். சில இடங்களில் ஈயம் பிடிக்காமல் உருண்டையாக நின்றது, ஓரிடத்தில் தகடு கருகியிருந்தது. "இதைப் பத்தவச்சது யாரு கூமே, கையில நடுக்கமா? தகர டப்பா அடைக்கிறவன்கூட இதைவிட ஒழுங்கா வைப்பானே, இதுக்கா நாப்பது வருஷம் காத்திருந்தே?" என்றேன். அவன் கண் இனிப்புத் தட்டின் பக்கம் போயிற்று. வாழ்நாளில் முதல் முறையாக அவனை மடக்கிவிட்டேன், அந்த மகிழ்ச்சியை நான் ஒரு நான்கு வினாடி அனுபவித்திருப்பேன். பிறகு தட்டின் மேலிருந்து உன் குரல் வந்தது, "நான்தாம்பா" என்று. தொலைபேசித் திரை இருண்டது.

நீ கேட்காத பகுதி இது. யாரும் மீனைத் தொடவில்லை. மிலுட்டினின் மனைவி ரூஜா மட்டும் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "ஒன்பது வயசுல அவ சால்டரிங் அயர்னைக் கேட்டப்ப, குடு நான் செய்றேன்னு கையிலேருந்து பிடுங்கினியாமே ரடா. அவ இன்னும் அதைச் சொல்றா. எங்க வீட்டுல மூணு வாரமும் இவர் கையைப் பின்னால கட்டிக்கிட்டு, டார்ச்சை மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, ஒரு புள்ளிகூட வைக்கல." ஆக, ஒன்பது வயதில் நடந்ததை என்னிடம் சொல்லாமல் ரூஜாவிடம் சொல்லியிருக்கிறாய். முந்நூற்றைம்பது பாகை சூட்டில் இருக்கும் ஒரு கருவியை ஒன்பது வயதுக் குழந்தையின் கையிலிருந்து வாங்கிய தகப்பன் தவறு செய்தான் என்றால், அந்தத் தவறை மீண்டும் செய்வேன். ஆனால் உனக்குப் பத்து வயதானபோதும், பதினைந்தானபோதும் நான் கொடுத்திருக்கலாம் என்பது உண்மை. யாரும் இதை என்னிடம் எடுத்துச் சொல்லவில்லை, நானாகக் கணக்குப் போட்டேன்.

மிலுட்டின் என் திருமணத்தில் எனக்குத் துணைநின்றவன், உன்னைத் திருமுழுக்குத் தொட்டியில் கையில் ஏந்தியவன். அந்த உரிமைகளை நானே அவனுக்குக் கொடுத்தேன். என் மகளுக்கு ஈயம் வைக்கக் கற்றுத்தரும் உரிமையைக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. மூன்று வாரம் அவன் வீட்டு முற்றத்தில், அவன் மேசையில், அவன் டார்ச் ஒளியில் நீ குனிந்திருந்தாய். நீ நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை செய்யும் முகத்தை அவன் பார்த்தான், முதல் முறை எழுத்து வந்தபோது நீ போட்ட கூச்சலை அவன் கேட்டான். எனக்குக் கைதட்டலும் குழம்பும் மிஞ்சின. எனக்கு இன்ப அதிர்ச்சி தருவதற்காகத்தான் மறைத்தாய் என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கு வேண்டியிருந்தது அதிர்ச்சி அல்ல, அந்த மூன்று வாரம். அதை யாரும் திரும்பத் தர முடியாது, அதனால் கேட்கவில்லை. பொய்யை நான் மன்னிக்கவில்லை என்பதையும் தெளிவாக எழுதிவிடுகிறேன், கடற்கரை என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை.

தகர டப்பா பற்றிய என் சொல் மிலுட்டினுக்காகச் சொல்லப்பட்டது. உன்மேல் விழுந்த அளவுக்கு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அவனுக்கு உரிய பங்கு அப்படியே நிற்கட்டும். விருந்தினர் போன மறுநாள் முதல் தகட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீ புதிதாக வைத்த புள்ளிகள் இருநூற்றுப் பதினொன்று. அவற்றில் ஒன்பது மோசம், எல்லாம் இடது ஓரத்தில், நீ முதலில் தொடங்கிய இடத்தில். நடுவுக்கு வரும்போது கை தெளிகிறது. நினைவகச் சிப்புகளின் வரிசை அப்பழுக்கில்லாதது, எனக்குப் பதினாறு வயதில் அவ்வளவு சுத்தமாக வரவில்லை, என் பழைய புள்ளிகள் பக்கத்திலேயே இருக்கின்றன, யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஒன்பதையும் நான் தொடவில்லை. அரை மணி நேர வேலை, சால்டரிங் அயர்னை இரண்டு முறை சூடாக்கவும் செய்தேன், இரண்டு முறையும் அணைத்துவிட்டேன். அறை குளிர்ந்தால் கணினி உயிர்பெற மறுக்கிறது, அந்த ஒன்பதில் ஏதோ ஒன்றுதான் காரணம். ஈஸ்டருக்கு வந்து நீயே வை. டார்ச் பிடிக்க எனக்கும் தெரியும், அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை என்று நாற்பது ஆண்டாக நானே சொல்லிவருகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு விளங்காமல் நிற்கிறது, இந்தக் கடிதமே அதற்காகத்தான். அந்த இரண்டு விசைக் கம்பிகளை நேராக்க வேண்டும் என்று முடிவெடுத்தது யார்? மிலுட்டின் சொல்லி நீ செய்தாயா, நீயாகவே செய்தாயா? அவனிடம் கேட்க மாட்டேன், அவன் எதைச் சொன்னாலும் நம்பப் போவதில்லை. அவன் சொல்லிச் செய்ததென்றால் அவற்றைப் பழையபடி மாற்றிவைப்பேன், அது என் பிழை, அவனுக்கு அதில் உரிமையில்லை. நீயாகச் செய்ததென்றால் அப்படியே இருக்கட்டும். ஐம்பத்தாறு வயதில் விரலைப் பழக்க முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை, உன் பெயரைத் தினமும் காலையில் பத்து முறை அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நேற்று ஏழு முறை சரியாக வந்தது.

உடம்பைக் கவனித்துக்கொள். அம்மா இந்தக் கடிதத்தோடு கம்பளிக் காலுறை இரண்டு சோடி வைத்திருக்கிறாள், லிண்டன் பூவும் வைத்திருக்கிறாள், அது நம் முற்றத்து மரத்துப் பூ, அபாட்டின் பூ அல்ல. நம் குலப்புனிதர் உன் வழியிலும் உன் வேலையிலும் துணைநிற்கட்டும், நோயும் வருத்தமும் உன் வாசலைக் கடந்து போகட்டும். மறக்காமல் ஒன்று செய், பதிலை எனக்கே எழுது, மிலுட்டின் மூலம் சொல்லி அனுப்பாதே. அது வரும் வரை பெட்டியை மூடப்போவதில்லை, ஒன்பது திருகும் என் காப்பிக் கோப்பையில் கிடக்கின்றன, நான் கண்ணாடித் தம்ளரில் குடித்துக்கொள்கிறேன்.

உன் தகப்பன்,
ரடோமிர்