‘எங்க வீடு’ என்று எழுதிய பாட்டில்

பாய்,

இன்று ஆய்வக அலமாரியைக் காலி செய்தபோது பழைய மாதிரி பாட்டில் ஒன்று கிடைத்தது. ஒட்டியிருந்த தாளில் உங்கள் கையெழுத்து: ‘கூனிமேடு, எங்க வீடு.’ மற்ற பாட்டில்களில் எல்லாம் கதவு எண் எழுதுவீர்கள். சிரிப்பு வந்தது. 

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டித் தெற்கே ஊர் ஊராக நீங்கள் ஜீப் ஓட்டுவீர்கள், நான் சோதனைக்கு நிலத்தடி நீரைப் பிடிப்பேன். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் குழாய் வாயிலேயே பாட்டிலை நிரப்ப வேண்டும் என்பது விதி. ஊருக்கெல்லாம் அதைக் கறாராகச் சொன்ன நான், உங்கள் வீட்டில் கரண்ட் இல்லாத அந்த மத்தியானம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மனைவி பாட்டிலை உள்ளே வாங்கிப்போய் நிரப்பிக் கொண்டுவந்தார். எதிலிருந்து பிடித்தது என்று நான் கேட்கவில்லை.

குடிக்க உகந்தது என்று முடிவு வந்தது, கையெழுத்துப் போட்டேன். உப்புத் தண்ணீர் உள்ள தெருக்களுக்கென்று வந்த புதிய குடிநீர்க் குழாய் உங்கள் தெருவை விட்டுவிட்டுப் போன பிறகுதான் வீட்டில் விசாரித்தீர்கள்.

“கேன் தண்ணிய ஊத்திட்டா சார். வீட்டுக்கு வந்தவங்க கையில உப்புத் தண்ணிய எப்டிக் குடுக்கிறதுன்னு கூச்சமா இருந்துச்சாம்.”

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் சிரித்தீர்கள்.

மறுபடி மாதிரி எடுக்க அனுமதி கேட்டு எழுதினேன், திரும்பவும் எழுதினேன். அடுத்த சுற்றில்தான் என்றார்கள். “விடுங்க சார், அப்ப பாத்துக்கலாம்” என்றீர்கள். அதற்குள் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள்.

அந்தச் சுற்று போன மாதம் வந்தது. பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு நானே பிடித்தேன். வாசலில் நின்ற உங்கள் மனைவி, “இதையாண்ணா எடுத்துட்டுப் போறீங்க?” என்றார். இன்னும் அதே கூச்சம். ஊருக்கே தெரிந்த உப்புதான் முடிவில் வந்தது. அனுப்பினேன். குழாய்த் திட்டம் முடிந்துவிட்டது, புதிதாக ஒன்று வந்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை பாய்.

மாதிரி எடுத்த அன்று கிளம்பும்போது உங்கள் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். தித்திப்பாக இருந்தது.

“கேன் வாங்குறதால தேவலைங்களா?” என்று கேட்டேன்.

“அது வர்றவங்களுக்குண்ணா. நாங்க மோட்டார் தண்ணிதான். அவரும் அதைத்தான் குடிச்சாரு.”

பாட்டிலைக் கழுவ மனம் வரவில்லை, மேசையிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை முறை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருப்பேன். நீங்கள் எந்தக் குடத்தில் மொண்டு குடித்தீர்கள் என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.