ஆறு பேருக்கு ஒரு வண்டி

மார்ச் 4, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். வேன் வாங்குகிறோம்.

வீட்டில் ஆறு பேர், வாசலில் இரண்டு கார். அவர் காரில் அவர், அவருடைய பிள்ளைகள் பெரியவளும் நடுவுலவனும், மாமனார். என் காரில் நானும் என் குட்டிப் பொண்ணு சுண்டெலியும். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்தும், எங்கே கிளம்பினாலும் முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம். பெரியவளுக்கு இந்த ஏற்பாடு ரொம்ப வசதி. பதினைந்து வயது. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பாவைப் பார்த்து, "அவங்ககிட்ட சொல்லுங்கப்பா" என்பாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

பள்ளி விடுமுறைக்கு நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். ஒரு பகல் முழுக்கப் பயணம். இந்தத் தடவை ஒரே வண்டியில்தான் போகிறோம், அவளையும் உட்கார வைத்துத்தான். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் ஏற்றுவதை மேற்பார்வை பார்ப்பவள் நான். ஒரு வீட்டையே லாரியில் அடக்கிக் கதவைச் சாத்துகிறேன். ஆறு பேரை ஒரு வேனில் அடக்க முடியாதா?

மார்ச் 5, புதன்

அவரிடம் சொன்னேன். "ரெண்டு காரையும் குடுத்துடறதா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். சம்மதமா, கழுத்து வலியா என்று அவர் தலையாட்டலில் கண்டுபிடிக்க முடியாது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

இரண்டு ஷோரூம் ஏறி இறங்கியாயிற்று.

முதல் இடத்தில் சேல்ஸ்மேன், "எட்டு பேர் தாராளமா உக்காரலாம் மேடம்" என்றார். "நீங்க கடைசி வரிசைல ஏறி உக்காருங்க பாப்போம்" என்றேன். உட்கார்ந்தார், பாவம். முழங்கால் தாடையில் இடித்தது. மாமனாரின் வாக்கரை மடக்கி டிக்கியில் வைத்தால் கதவு சாத்தவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாவது இடத்தில் ஒரு வெள்ளை வேன். பொத்தானை அமுக்கினால் பக்கக் கதவு தானாக நகர்ந்து திறக்கிறது. மாமனார் ஏறினார், சாய்ந்தார், கண்ணை மூடினார். "தூக்கம் வருதும்மா. நல்ல வண்டி." அவர் பரீட்சை அவ்வளவுதான்.

பெரியவள் காரைவிட்டு இறங்கவே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா கார வித்தா நான் எங்கயும் வரல."

அவர் ஓட்டுவது அவள் அம்மா ஓட்டிய கார். அந்த அம்மா இறந்து நாலு வருஷமாகிறது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதைப் பழைய கார் என்றுதானே பார்த்தேன்! வேலையில் உடையக்கூடிய பெட்டியாகப் பார்த்துச் சிவப்பு நாடா ஒட்டுகிறேன். வீட்டில் கண் எங்கே போயிற்று?

மார்ச் 10, திங்கள்

என் காரை மட்டும்தான் கொடுக்கிறோம். அந்தக் கார் இருக்கட்டும், அவர் வேலைக்குப் போய்வர. பெரியவளின் அறை வாசலில் நின்று சொன்னேன். உள்ளேயிருந்து "சரி" என்று வந்தது. சரி என்றால் வருவாள் என்று அர்த்தமா? வருவாள்.

மார்ச் 15, சனி

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

வெள்ளை வேனை ஓட்டிப் பார்க்க எல்லோரும் போனோம். பெரியவளும் வந்தாள், கடைசி வரிசை, காதில் பாட்டு. அவர் ஓட்ட, நான் பக்கத்தில். மேம்பாலம் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். மாமனார், நடுவுலவன், பெரியவள். அவள் வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் முன்னால் திரும்பிக்கொண்டேன்.

பெரியவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். "சுண்டெலி எங்க?"

"அந்த வண்டில இருப்பா" என்றேன். அவரும் அதே நேரத்தில் அதையேதான் சொன்னார்.

"எந்த வண்டி?" என்றாள்.

ஐயோ, எந்த வண்டி! ஒரு வருஷப் பழக்கம். ஆள் கண்ணில் படவில்லையென்றால் மற்ற காரில் இருக்கும் என்று மனசு தானாகச் சொல்லிக்கொள்கிறது. வேலையில் லாரியை அனுப்பும் முன் ஒவ்வொரு அறையாகச் சுற்றி, அலமாரிக் கதவைக்கூடத் திறந்து பார்ப்பவள் நான். பெத்த பொண்ண விட்டுட்டு வந்துட்டேனே... என்ன தாய் நான்?

அவர் வண்டியைத் திருப்பினார். "அங்கதான் இருப்பா, எங்க போயிடுவா" என்று மாமனார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வண்டி நின்றதும் நிற்காததுமாகப் பெரியவள் இறங்கி ஓடினாள். சுண்டெலி, ஷோரூமுக்குள் காட்சிக்கு நிறுத்தியிருந்த சிவப்பு வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். வரவேற்பில் இருக்கும் பெண் பக்கத்துச் சீட்டில் பயணி. நாங்கள் போனதே குழந்தைக்குத் தெரியாது.

பெரியவள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஊரார் வீட்டு ஸ்பூன் வரைக்கும் எண்ணுவீங்கல்ல? இவள எண்ண மாட்டீங்களா?"

சேல்ஸ்மேன் கூரையைப் பார்த்தார். அப்பா வழியாக வராமல் அவள் பேச்சு நேராக என்னிடம் வந்தது இதுதான் முதல் தடவை. "எண்ணல. என் தப்புதான்" என்றேன். வெட்கமாக இருந்தது. அதோடு கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் எழுதுவானேன்.

மார்ச் 16, ஞாயிறு

சுண்டெலி காலையிலிருந்து பெரியவள் பின்னாலேயே அலைகிறாள். அவளும் துரத்திவிடவில்லை.

மார்ச் 22, சனி

வெள்ளை வேனுக்கு முன்பணம் கட்டப் போன இடத்தில் பெரியவள் குறுக்கே விழுந்தாள். "இது வேணாம்."

"ஏன்?" என்றேன். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "நடு சீட்டோட முதுகு ரொம்ப உசரம். பின்னாடி உக்காந்தா சுண்டெலி தல தெரியாது. அன்னைக்கு நான் எந்திரிச்சு நின்னதாலதான் தெரிஞ்சுது."

சிவப்பு வேனில் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். இதிலும் பக்கக் கதவு தானாகத்தான் திறக்கிறது. கடைசி வரிசையிலிருந்து எல்லோர் தலையும் தெரிகிறது. ஆனால் டிக்கி சின்னது. வாக்கர் வைத்தால் மற்றதற்கு இடம் இழுபறி. அது என் பாடு, அடுக்கிக்கொள்கிறேன். மாமனாரும் ஏறிக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இதுலயும் வருது" என்றார்.

சிவப்பையே சொல்லிவிட்டோம்.

ஏப்ரல் 12, சனி

நாத்தனார் வீட்டுக்குப் போகும் வழியில் காப்பிக்கு நிறுத்தியிருக்கிறோம். சீட்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

காலையில் சாமானை ஏற்றி டிக்கியை ஒரே தள்ளில் சாத்தினேன். கம்பெனி ஆட்கள் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்கள். எல்லோரும் ஏறிய பிறகு, பழக்கதோஷம், வீட்டுக்குள் ஒரு சுற்று போனேன். அடுப்பு, குழாய், அலமாரி. பூட்டிக்கொண்டு திரும்பும்போது அவர் வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார். திறந்திருந்த கதவு வழியாகப் பெரியவளின் குரல் கேட்டது.

"அப்பா, இருங்க. அஞ்சுதான் இருக்கோம்."

"வந்துடுவாம்மா, வீட்டப் பூட்டிட்டு இருக்கா."

"வந்து ஏறட்டும். அப்புறம் எடுங்க."

ஓடிப்போய் நடு வரிசையில் சுண்டெலி பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு விரல் ஒவ்வொரு தலையாகச் சுட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக என் தலையைத் தொட்டது.

"ஆறு. இப்ப போலாம்."

கதவு தானாகவே சாத்திக்கொண்டது. மாமனார் அதற்குள் தூங்கியிருந்தார்.