கீழ் வீட்டுக் கட்டிலிலிருந்து கேட்டது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நான் முதலில் செய்தது, அப்பாவின் அறைக்குப் போய் அந்தப் புதுப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். நேற்று மாலை இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது, காலையில் ஜில்லென்று, ஒன்றும் தெரியாத பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. எந்த அட்டென்யுவேட்டர், அதுதான் அப்பாவின் கிதார் சத்தத்தைக் குறைக்கிற பெட்டி, வாங்கினீர்கள், ஏன் போனில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று போன வாரம் கேட்டாய். இன்னும் வாங்கவில்லை, இரண்டு பெட்டிகள் பரீட்சைக்கு வந்திருக்கின்றன. சனிக்கிழமை ரிப்பேர்காரர் வருவார், எல்லாரும் ஃபியூஸ் என்று கூப்பிடுவார்களே, அவர்தான். அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பெட்டியும் போதவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரையே அவரிடம் கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை என்பது உனக்கே தெரியும்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயரை மெதுவாக வைத்தால் சத்தத்தோடு உயிரும் குறைந்துவிடுகிறது. முக்கால் வரைக்கும் திருகினால்தான் வால்வுகள் திணறி, அப்பா ஆசைப்படுகிற அந்தத் தழுதழுப்பு வருகிறது. முப்பது வாட் என்று அதில் எழுதியிருந்ததைப் பார்த்து, ஒரு சின்ன பல்பு அளவுதானே என்று இயற்பியல் படித்த நானே நினைத்திருந்தேன், ஜன்னல் கண்ணாடி நடுங்கும்வரை. இந்தப் பெட்டியை ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டினால், வருகிற சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக எரித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகிறது. வால்வுகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும், அறையில் நாம் பேசிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் அந்தச் சூடு. கீழ் வீட்டு நர்ஸுக்கு இரவு ட்யூட்டி, பகலில்தான் தூக்கம், மேலே இவர் வாசிப்பதால் அந்தப் பெண் தூங்க முடியாமல் அவதிப்படுகிறாள் என்று தெரிந்த அன்றைக்கே அப்பா கிதாரை உறைக்குள் போட்டுவிட்டார். இருபது நாள் தொடவில்லை. ஒரு வார்த்தை முணுமுணுக்கவும் இல்லை. பிறகு ஒரு நாள் காகிதமும் பென்சிலுமாக வந்து, நீ இப்படி ஒரு பெட்டி இருப்பதாகச் சொன்னாய் என்றும், எனக்கு ஓம் கணக்கு வருமா என்றும் கேட்டார்.

கணக்கு போட்டுக் கொடுத்தேன். நம் ஸ்பீக்கர் எட்டு ஓம், எனவே பெட்டியும் எட்டு ஓம். ஆம்ப்ளிஃபயர் முப்பது வாட் என்றாலும் முழுக்கத் திருகும்போது அதற்கு மேலும் தரும், அதனால் அறுபது வாட்டாவது தாங்குகிற பெட்டி. இவ்வளவுதான் என் பங்கு. மற்றதெல்லாம் அவருடைய பொறுமை. கல்யாணமாகி இருபத்துநாலு வருடமாகியும் அவர் பல் லாபில் எப்படி வேலை செய்கிறார் என்று நான் சரியாகக் கவனித்ததே இல்லை, இந்த மாதம்தான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். கட்டுப் பல்லுக்கு நிறம் பொருத்தும்போது, மாதிரிப் பல்லை நிஜப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஐந்து விநாடிக்கு மேல் பார்க்க மாட்டாராம், பார்த்தால் கண் பழகிப்போய் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியுமாம். உடனே கண்ணை எடுத்து ஒரு சாம்பல் துணியைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் பல்லைப் பார்ப்பாராம். காதுக்கும் அதையே செய்தார். ஒரே ஒரு துண்டு வாசிப்பு, நிறுத்தம், ஜன்னல் பக்கம் போய் நின்று தெருச் சத்தத்தைக் கேட்பது, திரும்பி வந்து மற்றப் பெட்டியில் அதே துண்டு. முதல் பெட்டி சின்னது, விலையும் குறைவு, உள்ளே வெறும் தடுப்பான்கள்தான். கொஞ்சம் குறைக்கிற வரைக்கும் நன்றாக இருந்தது, ரொம்பக் குறைத்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் மங்கிவிட்டது. இரண்டாவது நல்ல கனம், உள்ளே காயில், அதாவது கம்பிச்சுருள், இருக்கிறது, ஸ்பீக்கர் மாதிரியே நடித்து ஆம்ப்ளிஃபயரை ஏமாற்றுகிறதாம். அதில் எவ்வளவு குறைத்தாலும் குரல் குரலாகவே இருந்தது. எனக்கே வித்தியாசம் கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் இணைக்கக் கிதாரில் செருகுகிற ஒயரையே எடுத்து மாட்டிவிட்டார், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே. கால் மணி நேரத்தில் ஒயர் சூடாகி, சத்தம் விட்டு விட்டு வந்தது. ஓடிப் போய் ஃபியூஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஃபியூஸ் ஒயரைத் தூக்கிப் பிடித்து, ஊருக்கெல்லாம் பல்லு கட்டுற ஆளு நீங்க, இது பால் பல்லு சார், இதை வெச்சுக் கரும்பு கடிக்கலாமான்னு கேட்டார். ஸ்பீக்கருக்கென்று தடித்த ஒயர் இருக்கிறதாம், இது அறுந்து இணைப்பு விட்டிருந்தால் உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மரே கருகியிருக்குமாம். வேறு யாராக இருந்தாலும் மனைவி எதிரில் இப்படிச் சொன்னதற்கு முகம் சுளித்திருப்பார்கள். அப்பா அதைத் தன் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, பால் பல்லுன்னு சொன்னது ரொம்பச் சரி என்று பாராட்டவும் செய்தார்.

அதே நோட்டில் இன்னொரு பக்கமும் பார்த்தேன். கீழ் வீட்டு நர்ஸின் ட்யூட்டி நாட்களைக் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். நான் கேட்டா அந்தப் பொண்ணு சங்கடப்படும், நீயே பேச்சுவாக்குல கேட்டுட்டு வா என்று என்னை அனுப்பி வாங்கிய விவரம்தான். அவள் எத்தனை மணிக்கு வருவாள், எத்தனை மணிக்குப் படுப்பாள், எந்தக் கிழமை லீவு, எல்லாம் அவருடைய குண்டு குண்டான எழுத்தில். லீவு நாளில்கூட நாலிலிருந்து ஐந்து வரைதான் என்று கீழே கோடு போட்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் நோட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று அவளுக்கு லீவு. கடைசிப் பரீட்சையாக, மேலே அவர் வாசிக்க வேண்டும், நான் கீழே போய் அவள் படுக்கிற இடத்திலேயே படுத்துக் கேட்டு, பெட்டியில் அவர் குறைக்கிற ஒவ்வொரு படிக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும் என்று ஏற்பாடு. சும்மா நின்னு கேட்டா பத்தாது, தலகாணில காது எங்க இருக்கோ அங்கேர்ந்து கேளு என்றார். அவள் சிரித்துக்கொண்டே கட்டிலை உதறிக் கொடுத்தாள், நான் படுத்தேன், அவள் காலடியில் உட்கார்ந்து யூனிஃபார்ம் மடித்துக்கொண்டிருந்தாள். மேலே வாசிப்பு ஆரம்பித்தது. ஒவ்வொரு படியாகக் குறைய, பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பது போலாகி, பிறகு நினைவில் கேட்பது போலாகிவிட்டது. ஆனால் டொக் டொக் என்று ஒன்று மட்டும் குறையவே இல்லை. என்னடா என்று பார்த்தால் உன் அப்பாவின் குதிகால். தாளத்துக்குத் தரையைக் குத்துகிறார். அக்கா, எனக்கு முழிப்பு வந்தா இதாலதான் வரும், பாட்டு ஒண்ணும் பண்ணாது, நான் படுத்தா கட்டை என்றாள் அவள். அடுத்தாற்போல, ஆனா இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு, நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா என்றும் கேட்டுவிட்டாள்.

அவள் சொல்லவே இல்லைதான். மாடிப்படியில் ஒரு நாள், சார் இன்னைக்கும் கச்சேரியா என்று சிரித்தபடி கேட்டாள், அவ்வளவுதான். நான் மேலே வந்து, அந்தப் பொண்ணுக்குத் தூக்கமே இல்லையாம், பாவம் என்று சொல்லிவிட்டேன். சத்தம் பொறுக்காதது எனக்கு. நீ போன பிறகு, சாயங்காலம் நாலு மணி என்றால் நீ பையைத் தூக்கிப் போடுகிற சத்தம் இல்லாமல் வீடு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வீடே அதிர வாசித்து, ஒரு மணி நேரம் கழித்து முகம் தெளிந்து வெளியே வருவார். தனக்கு ஒரு வழி இருக்கிறது என்கிற தெளிவு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால், தூங்குகிற ஒரு பெண்ணின் தலையில் போட்டுவிட்டேன். உனக்கும் எதையாவது மறுக்க வேண்டும் என்றால் அப்பாவுக்குப் பிடிக்காது என்றுதானே சொல்வேன், ஞாபகம் இருக்கும். கீழே படுத்துக்கொண்டு கேட்டபோது ஒன்று புரிந்தது. இத்தனை வருடத்தில் சமையலறையிலிருந்தும் கூடத்திலிருந்தும் எப்போது நிற்கும் என்றுதான் கேட்டிருக்கிறேனே தவிர, படுத்துக் கண்ணை மூடி, வேறு வேலை இல்லாமல் கேட்டதே இல்லை. மனிதர் ரொம்ப அழகாக வாசிக்கிறார். அவசரமே இல்லாத வாசிப்பு. ஒரு சுரத்தை இழுத்து, அது தானாக ஓயும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்ததற்குப் போகிறார்.

மேலே வந்ததும் தூங்க முடியுமா என்றுதான் முதலில் கேட்டார், எப்படி இருந்தது என்று கேட்கவே இல்லை. குதிகாலைச் சொன்னேன். அது வேறு யாருடைய காலோ என்பது போல் குனிந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், முகம் சின்னதாகிவிட்டது. ஆறு மாசமா அந்தப் பொண்ணு என் காலைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கா, நான் பெட்டி பெட்டியா மாத்திட்டு இருக்கேன், போதும், சனிக்கிழமை ஃபியூஸ் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும் என்றார். ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்துக் காலடியில் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டினார், கேட்கவில்லை.

உனக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அப்பாவுடையதையும் சேர்த்து எடுத்துக்கொள். அவருடைய நல்ல குணம் உனக்கு வரட்டும், என்னிடமிருந்து கணக்கு மட்டும் போதும். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, பல் வலி என்று சொன்னாயே, தள்ளிப் போடாமல் காட்டு, அப்பாவுக்குத் தெரிந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவரிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காதே. இன்றைக்கு நாலு மணிக்கு அவர் உறையைத் திறக்க மாட்டார் என்று தெரியும். நான் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து, சத்தம் பொறுக்காதது நர்ஸுக்கு இல்லை, எனக்குத்தான் என்று சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு, இரண்டாவது பெட்டி ஃபியூஸோடு திரும்பிப் போக வேண்டாம், அது இருக்கட்டும், ஆனால் இன்றைக்கு ஒரு நாள் அதைக் கழற்றி வைத்துவிட்டு வாசியுங்கள் என்று கேட்கப் போகிறேன். இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட. லீவு முடிந்து நேற்று ராத்திரி ட்யூட்டிக்குப் போனவள், காலை ஏழு மணிக்கு வந்து கீழே கட்டையாகத் தூங்குகிறாள், பாட்டு எழுப்பாது என்று அவள் வாயாலேயே கேட்டுவிட்டேன்.

உன்,
அம்மா